ஜெசிந்தா வீட்டு அடுப்பு

போன வாரம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு. பேரிடர் விழிப்புணர்வு நாளுக்கு ஒவ்வொரு வகுப்பும் சார்ட் ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். சரி என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் சிறுபயறு வேறு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசம் வந்தாலே ஜெசிந்தா ஞாபகம் வந்துவிடும். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஜெசிந்தாவைப் பார்த்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சுற்றிலும் வயல் உள்ள ஊர், பெண்கள் பள்ளி, ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல். புயல் பாடம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். கலர் சாக்பீஸில் சுழி போட்டு, நடுவில் கண் வைத்து, கையெல்லாம் நீலமாகத் திரிவேன். அன்றைக்குப் புயல் வந்தால் செய்ய வேண்டியவை என்று பத்து வரி எழுதிப்போட்டேன். கதவைச் சாத்து, மரத்தடியில் நிற்காதே, இப்படி. முன் பெஞ்சு சுபா எழுந்தாள்.

"டீச்சர், கடல்ல நிக்கவங்க என்ன செய்யணும்?"

புத்தகத்தில் அது இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று மழுப்பினேன். அடுத்த வகுப்புக்கு முன்னால் புயலே வந்துவிட்டது.

எங்கள் பக்கம் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. குளச்சலை ஒட்டிய கடற்கரை ஊர்களில் மீன்பிடிக்கப் போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. ஏதாவது செய்யணும் டீச்சர் என்று பிள்ளைகள் ஒரே நச்சரிப்பு. நானோ காலில் சக்கரம் கட்டினவள், கேட்கவா வேண்டும்! சுபா வீட்டு முற்றத்தில் பெரிய பானையில் கஞ்சி வைத்தோம். தொட்டுக்கொள்ளத் தேங்காய் துருவிப் போட்ட சிறுபயறுத் துவரன். எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு என்றால் அங்கே அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள்தான் கஞ்சியும் பயறும் சுமந்து போவார்கள். துக்கப்படுகிறவர்களுக்கு வேறு எதையும் கொண்டுபோகலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கை பழகிய வழியில் சமைத்துவிட்டது.

வேனை நிறுத்தி, கடலோரத்து முதல் வீட்டு வாசலில் பானையை இறக்கினோம். அது ஜெசிந்தாவின் வீடு. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் போன கடலைப் பார்த்து நின்றவள் வந்து மூடியைத் திறந்தாள். கஞ்சியைப் பார்த்தாள், பயறைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல ஆரு செத்தான்னு இத கொண்டு வந்திருக்கிய? அவிய கடல்லதான் இருக்காவ."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. சுபாதான் சட்டென்று இன்னொருத்தியைக் கூப்பிட்டுப் பானையைத் தூக்கி வேனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, அரிசி வாங்கிட்டு வாறோம். ஒங்க அடுப்பிலயே வைப்போம். அண்ணன் வரும்போ சூடா இருக்கும்லா."

ஜெசிந்தா கடலை ஒருமுறை பார்த்துவிட்டு வாசலிலிருந்து விலகி நின்றாள்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் போனோம். அரிசி, பயறு, விறகு, எல்லாம் சமைக்காமல்தான். காத்திருந்த வீடுகளில் எல்லாம் என் பிள்ளைகள் அடுப்பு மூட்டினார்கள். விறகை ஊதத் தெரியாத பிள்ளைகள், புகையில் இருமிக்கொண்டே பழகினார்கள். ஜெசிந்தா ஒரு தட்டில் அவருக்கென்று கஞ்சி எடுத்து மூடிவைப்பாள். அந்தத் தட்டைப் பற்றி நாங்கள் யாரும் பேசமாட்டோம். வேனில் திரும்பும்போது என்னால் உட்கார முடியாது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவேன்.

பல சனிக்கிழமைகள் போயின. ஒரு நாள் அவள் அந்தத் தட்டில் கஞ்சி எடுத்துவைக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது வேன்வரை வந்தாள்.

"டீச்சர், அடுத்த வாட்டி வரும்போ அண்ணைக்குள்ள அந்தக் கஞ்சியக் கொண்டு வாங்க."

கொண்டுபோனோம். அதே பானை, அதே பயறு. அவள் வீட்டு அடுப்பு எரியவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை, அங்கே அலையைத் தடுக்கக் கருங்கல் குவித்திருக்கிறார்கள். ஜெசிந்தா பிள்ளைகளோடு எந்த ஊருக்குப் போனாள் என்று தெரியாது. சுபா நர்ஸாகி வளைகுடாவில் இருக்கிறாள். இப்போது உதவி எல்லாம் போனிலேயே போய்விடுகிறது, வாசலில் நின்று யாரிடமும் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

நேற்று சார்ட் ஒட்டினோம். அதே பத்து வரி, அழகான கையெழுத்து. போட்டோ எடுத்த பிறகும் நான் வகுப்பைவிட்டுப் போகவில்லை. மணி அடிக்கும்வரை ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தபடி நின்றேன். யாரும் எழுந்து எதுவும் கேட்கவில்லை.