பதினேழு படிகளும் எழுதாத ஒப்பந்தமும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தார் என்கிற ஒரே தகுதியைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு அப்பா கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டவன் நான். அதற்குமுன் என் ஜோக்குக்கு யாரும் சிரித்ததில்லை, அந்த ஏக்கம்தான். நினைவு மலரில் இதையா எழுதுவது என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். இதை விட்டுவிட்டால் அப்பாவின் கடைசி ஏழு மாதங்களைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

கம்பைநல்லூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அப்பா. மழை ஏமாற்றிய ஆண்டுகளில் அரூருக்கு வந்து லாரி ஓட்டினார். தம்பி தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தபிறகுதான் தனக்கென்று மாடியில் ஒன்று, கீழே ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று வீடுகள் கட்டினார். மாடியில் நாங்கள்; மற்ற இரண்டும் வாடகைக்கு.

வீடு கேட்டு வருபவர்களிடம் அப்பா அதிகம் பேசமாட்டார். அவர்கள் அப்போது குடியிருக்கும் இடத்துக்கே போய், அந்த வீட்டுக்காரரோடு டீ குடித்துக்கொண்டே விசாரிப்பார். ஆதார் நகல் வாங்குவார். எத்தனை மாதம், காலி செய்ய எவ்வளவு முன்னால் சொல்லவேண்டும் என்றெல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பதிவும் செய்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுப்பார்.

"பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு விசாரிக்கலையேப்பா" என்பேன்.

"உனக்குப் பொண்ணு குடுத்தவங்க விசாரிக்காமதான் மாட்டிக்கிட்டாங்க" என்பார்.

பின்வீட்டுக்கு ராமன் வந்தபோதும் அப்படித்தான். சித்தேரி மலையிலிருந்து வந்து அரூர் மண்டியில் மூட்டை தூக்குபவர். "மலைக்காரங்களுக்கு எதுக்குப்பா வூடு?" என்றேன்.

"அவரு இருந்த வூட்டை நான் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். நீ எதைப் பார்த்துட்டுப் பேசற?"



இடுப்பு எலும்பு முறிந்து அப்பா சேலம் மருத்துவமனையில் கிடந்த மாதத்தில்தான், காலியாக இருந்த கீழ்வீட்டை என் ரசிகருக்குக் கொடுத்தேன். விசாரிக்கவில்லை, எழுதவுமில்லை. அப்பா திரும்பும்போது, இனி படியேறவே கூடாது என்றார் டாக்டர். கீழே போய், காலி செய்து தரச் சொல்லிக் கேட்டேன்.

"எத்தன மாசம்னு நாம பேசவே இல்லீங்களே. பசங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டேன். திடீர்னு எங்கீங்க போறது?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

உடனே என் மூளை வேலை செய்தது. கீழ்வீட்டுக்குப் போகும் தண்ணீரை அடைத்தேன். மறுநாளே காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. "வூடு உங்களுதுன்னாலும் தண்ணி, கரண்ட்ல கை வெக்கக் கூடாதுங்க. காலி பண்ணணும்னா சட்டப்படி போங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

விஷயம் தெரிந்ததும் அப்பா என்னைத் திட்டவில்லை. ராமனைக் கூப்பிட்டார். அவர் முதுகில் இறங்கிப்போய், கீழ்வீட்டு வாசலில் நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்து, "என் பையன் பண்ணது தப்புங்க, மன்னிச்சுக்குங்க" என்று கைகூப்பினார். நான் பக்கத்தில், குழாயைத் திறந்த ஈரக்கையோடு நின்றேன்.

காலை வெயிலில் அந்த வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கவேண்டும் என்பதுதான் அப்பா கேட்டது. அங்கே அவர் உட்கார்ந்தது மன்னிப்புக் கேட்ட அந்த ஒரு நாள் மட்டும். மற்ற நாளெல்லாம் மாடி ஜன்னல்தான். மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பதினேழு படிகளும் ராமன் முதுகில். கடைசியாக இறங்கியபோதும் முன்னால் தோள் கொடுத்தவர் அவரே.

துக்கத்தில் உடன் நின்ற உறவினர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறாக்கிக் கொடுத்த தெருவினருக்கும் கடன்பட்டிருக்கிறோம். பள்ளி விடுமுறை விட்டதும் வீட்டைக் கழுவித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன கீழ்வீட்டுக்காரருக்கும்தான். ராமனுக்கு மட்டும் அச்சில் நன்றி சொன்னால் போதாதென்று நேரிலேயே போனேன்.

"கீழ்வூட்டுக்கு வந்துடுங்க ராமன். ஒப்பந்தம் கிப்பந்தமெல்லாம் நமக்குள்ள எதுக்குங்க?"



"எழுதிக் குடுங்க, வர்றேங்க."