குழி வெட்டப் போகச் சொன்ன அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர், அக்கா உயிரோடு இருந்தவரை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. முதலாம் ஆண்டு நினைவு என்றதும் வந்திருக்கிறீர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நல்லதை மட்டும் எழுது என்று சிலர் சொல்லி அனுப்பினார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில். எங்கள் தகப்பனார் திருச்சிப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தவர். அம்மா சீக்கிரமே காலமானதால் என்னை வளர்த்தவர் அக்காதான். அவருக்குக் கல்யாணமான பிறகும் நான் அந்தக் காம்பராவில்தான் சாப்பிட்டேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், மரம் விழுந்து அத்தான் இறந்தார். அக்கா கையில் பால்குடிப் பெண்பிள்ளை. பல வாரங்கள் அவர் தூங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனில் மழைக்கு ஒதுங்கியவர், அங்கே நடந்த ஜெபக்கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். அன்று வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிவிட்டார். ஏன் வேதத்தில் சேர்ந்தாய் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அடுத்த வருடம் ஞானஸ்நானம் பெற்றார்.

எங்கள் பெரியப்பாதான் அந்த லயத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்துத் திரும்பி வா, இல்லாவிட்டால் லயத்தை விட்டுப் போ என்றார். வேலை இருக்கும்வரைதான் காம்பரா. வேலையைப் பறித்தால் பிள்ளையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். வேலையைப் பறிக்கும் அதிகாரம் கங்காணிக்கு இல்லாததால், அக்காவே விட்டுப் போகட்டும் என்று தினமும் ஓடையோரத்துத் தேயிலைச் செடிகளின் கடைசி நிரையைக் கொடுத்தார். அங்கே அட்டை அதிகம், கொழுந்து குறைவு. நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள்.

ஒருநாள், ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும் பெரியப்பா கேட்டார்:

“என்னா புள்ள, ஒன் யேசு எறங்கி வந்து கொழுந்து எடுத்துக் குடுப்பாரா?”

சனம் சிரித்தது. அக்கா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

“அவரு எதுக்குங்க பெரியப்பா எடுக்கணும்? கை எனக்குத்தானே இருக்கு. அவரு பக்கத்துல நின்னாப் போதும்.”

உனக்குப் பயமே இல்லையா அக்கா என்று அன்று சாயந்தரம் கேட்டேன். “பயந்துக்கிட்டுத்தான் போறேன் தம்பி. தனியாப் போகல, அவ்வளவுதான்” என்றார்.

மூன்று வருடம் கழித்து அந்தப் பெண்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. லயத்தில் சாவு என்றால் யாரும் கூப்பிடாமலே ஆண்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். பகையாளி வீடானாலும் அதுதான் வழக்கம். அன்று யாரும் வரவில்லை. குழி வெட்டப் போகிறவனுக்கு இன்றைக்குப் பேர் கிடையாது என்று பெரியப்பா பெரட்டில் சொல்லியிருந்தார். அவள் கோயிலில் ஆள் இல்லையா என்றும் கேட்டாராம். அடைமழை. நானும் டவுன் உபதேசியாரும்தான் வெட்டினோம். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. ரொட்டிக்கடை முஸ்லிம் நானா கேள்விப்பட்டு ஓடிவந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் இறைத்தார். அக்கா பிள்ளையைத் தானே தூக்கி வந்தார். மறுநாள் பெரட்டுக்கும் போனார். அதே கடைசி நிரை.

லயத்தை விட்டு அவர் போகவேயில்லை. தீச்சட்டியும் எடுக்கவில்லை.

பல வருடம் கழித்துப் பெரியம்மா இறந்தபோது சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் வருத்தப்படவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மண்வெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“போ தம்பி.”

“எதுக்குப் போகணும்? அன்னைக்கு எவன் வந்தான்?”

“அதுக்குத்தான் சொல்றேன். குழி வெட்ட ஆளில்லாம நிக்கிறது எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.”

போனேன். பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குழியை நான் கோபத்தோடுதான் வெட்டினேன். அன்று ராத்திரி அக்காவோடு பேசவில்லை.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஐந்தாம் நாள் அக்கா போனார். கடைசிவரை ஜெபம் செய்யும் நினைவு இருந்தது. விடிந்ததும் பெரியப்பா தடியூன்றி வந்தார். பின்னால் அவருடைய மகன்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

“நாங்க வெட்டுறோம்டா” என்றார்.

திரும்பிப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா உள்ளே கிடந்தார். வழியை விட்டு விலகி நின்றேன்.

பிள்ளைக்குக் குழி வெட்டிய உபதேசியாருக்கும், தண்ணீர் இறைத்த நானாவுக்கும் என் நன்றி சாகும்வரை உண்டு. அக்காவுக்குக் குழி வெட்டியவர்களுக்கும் இதில் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். அது அக்கா சொல்லும் நன்றி. என் நன்றியைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.