அம்மா பாதியில் எழுந்து வராத கச்சேரி

எங்கள் அம்மா இல்லாத வீட்டில் ஓராண்டு கழிந்துவிட்டது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் பலர் அம்மாவின் பொறுமையையும் கைப்பக்குவத்தையும் நேரில் அறிந்தவர்கள். மகளாகிய நான் எழுத வந்தது அவருடைய ஒரு மாலைப்பொழுதைப் பற்றி. அதைக் குறித்து உறவில் உலவும் பேச்சு அப்பாவைப் படுத்தும் பாட்டைப் பார்த்துக்கொண்டு இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

அம்மா மயிலாப்பூரில், தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்தார். அவரும் பெரியம்மாவும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் சில இளைஞர்கள் கூடி, கிடாரும் டிரம்ஸுமாக ராக் அண்ட் ரோல் பழகுவார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. மெட்டுகள் அத்தனையும் மனப்பாடம். தாத்தாவின் கண்டிப்பால் அந்த வீட்டை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. பாடியவர்களின் முகம் தெரியாமலேயே மணமாகித் தி.நகர் வந்தார்.

அப்பாவின் ஜவுளிக்கடை நொடித்துப்போன காலத்தில் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுத்து எங்களைப் படிக்க வைத்தார். மிஷின் ஓடும் சத்தத்தோடு அந்த மெட்டுகளும் ஓடும். கடை மீண்டும் நிமிர்ந்தபோது அம்மாவின் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. டயாலிசிஸும் பத்தியமுமாக வாழ்க்கை சுருங்கியது.

அப்படியிருக்கையில்தான் மயிலாப்பூர்ப் பக்கத்து வீட்டில் பழகிய அந்தக் குழு, எழுபதைத் தாண்டிய வயதில், அடையாற்றில் ஓர் அரங்கில் வாசிக்கப் போவதாக, அந்தச் சந்தின் பெயரோடு வந்திருந்த செய்தியை அப்பா செய்தித்தாளில் பார்த்தார். அம்மா வாழ்நாளில் வாய் திறந்து எதையும் கேட்டவரல்லர். அன்று, "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

அது டயாலிசிஸ் நாள். மறுநாள் காலைக்கு மாற்றிக்கொள்ள டாக்டர் சம்மதித்தார். பெரியம்மாவுக்குத்தான் மனமில்லை. "உடம்பு இருக்கிற இருப்புக்குப் பாட்டு ஒண்ணுதான் கேடு!" என்று கடிந்துகொண்டார். ஆனாலும் தங்கையைத் தனியே அனுப்ப மனம் வராமல் எங்களோடு வந்தார்.

மேடையில் நரைத்த தலைகள். பாடகர் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். மேல்ஸ்தாயியில் குரல் எட்டவில்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. "இவங்க குரல் இது இல்லையே" என்றார். அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று உரக்க எண்ணினார். அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"இவருதாங்க! யாராவது தப்பா வாசிச்சா நிறுத்திட்டு மறுபடியும் எண்ணுவாரு!"

அதன்பின் அவர் கண்கள் மேடையை விட்டு அகலவில்லை. முழங்காலில் விரல்கள் தாளம் போட்டன. ஆனால் பாதிக் கச்சேரியில் மூச்சு வாங்கத் தொடங்கியது. பெரியம்மா பதறிப்போய், "எழுந்திருடி, போதும். வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்பாவும் எழுந்துவிட்டார். அம்மா அசையவில்லை.

"வீட்டுக்குப் போனா மட்டும் இது நின்னுடுமா? உக்காருங்க. நான் கச்சேரி முடிஞ்சுதான் வருவேன்."

அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அரங்கத்தார் பக்கத்துக் கதவைத் திறந்து காற்று வர வழி செய்தார்கள். கடைசிப் பாட்டுவரை அம்மா இருந்தார்.

மறுநாள் டயாலிசிஸ் ஒழுங்காகவே நடந்தது. சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டு, நோய்த்தொற்று இரத்தத்தில் கலந்து, அம்மா காலமானார். இறுதிச் சடங்கன்று பெரியம்மா அப்பாவிடம், "அன்னிக்கு என் பேச்சைக் கேட்டிருந்தா இவ இருந்திருப்பா" என்றார். அதன்பின் அப்பாவோடு பேசுவதில்லை. அப்பா இன்றும் சாப்பாட்டின் நடுவே என்னைக் கேட்கிறார்: "அப்பவே தூக்கிட்டு வந்திருக்கணுமோ?"

நான் டாக்டரிடம் கேட்டேன். "அதனாலன்னு சொல்ல முடியாதும்மா. போகாம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்களான்னா, அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல" என்றார். என்னிடமும் இல்லை. ஆனால் அன்று முடிவெடுத்தவர் அப்பா அல்லர், அம்மா. இது எல்லோரும் அறிய வேண்டிய உண்மை.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. "இன்னாம்மா, பயப்படாத, பள்ளம் இல்லாத ரோட்லயே போறேன்" என்று ஒவ்வொரு முறையும் பூப்போல அழைத்துச் சென்ற ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. டயாலிசிஸ் முடிந்து வரும்போதெல்லாம் பத்தியக் கஞ்சியோடு எங்கள் வாசலில் காத்திருந்த பெரியம்மாவுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது?

இக்கட்டுரையைப் படித்த அப்பா, "அவங்களைக் குறை சொல்ற மாதிரி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தவங்க" என்றார். இந்த மலரைத் தாமே மேற்கு மாம்பலத்தில் உள்ள பெரியம்மா வீட்டுக்கு எடுத்துச்சென்று கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா, அப்பா உங்கள் வாசலில் வந்து நிற்பார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள்.