பனியில் சட்டையோடு நின்ற ஆள்

ரஷ்ய மண்ணின் ஆன்மாவையே துணியில் பிடித்துவந்த மகா ஓவியர் என்று வலேரியான் லுகிச்சைப் பீட்டர்ஸ்பர்க் பத்திரிகைகள் எழுதின. நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். முதல் உண்மை இது: அந்த மகா ஓவியருக்கு ஒரு மனிதனை வரையத் தெரியாது.

மரம் வரைவார். பனி வரைவார். மனிதனை வரைந்தால் மட்டும் கோட்டு மாட்டிய அடுப்புக்கட்டை போல வரும். அதனால் இருபது வருடமாக அவர் படங்களில் மனிதர்களைப் போட்டது திமோஃபேய் என்ற கூலி ஓவியன். கையெழுத்து மட்டும் லுகிச்சுடையது. ஓவியர்களிடையே இது சகஜம்தான். ஆனால் லுகிச் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பேராசிரியர் பட்டத்துக்கு அவர் பெயர் அடிபட்டது. கண்காட்சிக்காக லுகிச் வரைந்துகொண்டிருந்த பனிக்காட்டுப் படத்தைப் பார்த்துக் கலைக்கழகக் குழுவின் மூத்தவர் கிண்டலாகச் சொல்லிவிட்டார்: "ஆளே இல்லாத காடு வெறும் விறகுதானே, லுகிச்?"

முடிந்த படத்தைப் பார்க்கக் குழு மறுநாள் வருகிறது. திமோஃபேய்க்கு ஆள் அனுப்பினார். போன ஆள் இன்னும் திரும்பவில்லை.

பிற்பகல் மூன்று மணி. அந்த ஊர்க் குளிர்காலத்தில் வெளியே அப்போதே இருட்டத் தொடங்கியிருந்தது. கதவு திறந்தது. முதுகைக் காட்டியபடி திமோஃபேய் நேராக ஓவிய அறைக்குள் போனான்.

"வந்துட்டியா, மவராசா! கோட்டு எங்கப்பா?"

"தேவைப்படல."

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாம் ஐயா."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. யாராவது பார்த்தால் அவனுக்குக் கை ஓடாது, எப்போதும் இப்படித்தான். லுகிச் நிம்மதியாக, டீ கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சரக்... சரக்...

தூரிகைச் சத்தம் இப்படி இருக்காதே. மண்ணைச் சுரண்டுவது போல...

எரிந்துகொண்டிருந்த அடுப்பு சில்லிட்டது. கோப்பையில் டீ மேல் மெல்லிய பனிக்கட்டி.

சத்தம் நின்றது.

"திமோஃபேய்?"

லுகிச் கதவைத் தட்டிப் பார்த்தார்.

சமையல்காரி கிளாஷாவும் அவரும் சேர்ந்து கதவை உடைத்தார்கள்.

உள்ளே யாரும் இல்லை. இருந்த ஒரே ஜன்னலின் இடுக்குகளில் குளிருக்காகப் பஞ்சடைத்து ஒட்டிய காகிதம், ஒட்டியபடியே இருந்தது. தூரிகைகள் உலர்ந்து கிடந்தன. ஒன்றில்கூட வண்ணம் இல்லை.

படத்தில் ஓர் ஆள் நின்றான். பனிப்பாதை நடுவே. கோட்டு இல்லை, தொப்பி இல்லை. வெள்ளைச் சட்டை. வெறுங்கால். திமோஃபேயின் அதே முகம். நேராக லுகிச்சைப் பார்த்தபடி.

"ஐயோ, பனியில யாருங்க இப்படி நிப்பாங்க?" என்றாள் கிளாஷா.

"எல்லாரும் சிரிப்பாங்க!" லுகிச் வண்ணம் சுரண்டும் கத்தியை எடுத்தார்.

எண்ணெய் வண்ணம் காய வாரக்கணக்காகும். இது காய்ந்திருந்தது. நூறு வருடப் படம் போல வெடிப்பு விட்டிருந்தது.

கத்தி இறங்கவில்லை. முனை உடைந்தது.

மேலே மரம் வரைந்து மறைக்கப் பார்த்தார். வண்ணம் ஒட்டாமல் வழிந்தது...

அந்தக் கண்கள் அவரை விட்டு விலகவே இல்லை.

விடியும்வரை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காலையில் குழு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. மூத்தவர் தொப்பியைக் கழற்றினார். படம் அப்படியே கண்காட்சிக்குப் போனது.

திறப்பு நாள் கூட்டத்தில் ஒருத்தி அந்தப் படத்தின் முன் அசையாமல் நின்றாள். திமோஃபேயின் மனைவி பெலகேயா.

லுகிச் மெல்லக் கேட்டார்: "உன் புருஷன் எங்கம்மா? வேலைய முடிச்சான், சொல்லாம கொள்ளாம போயிட்டான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் பனி விழறதுக்கு முன்னாலயே புதைச்சாச்சுங்க. சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். ஐயா மரம் வரையறாரு, தொந்தரவு பண்ணாதேன்னு வாசல்லயே துரத்திட்டாங்க."

லுகிச்சின் பார்வை படத்துக்குத் திரும்பியது.

"இந்தச் சட்டை..." படத்தைக் காட்டினாள். "நான் தைச்சது. இதைப் போட்டுத்தான் பெட்டியில வெச்சோம். யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

அதற்குள் மூத்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குழு ஒருமனதாக முடிவெடுத்துவிட்டது. இனி மறுத்துப் பேசவும் வழியில்லை. பேசினால் இருபது வருடக் கதையும் வெளியே வரும்.

வலேரியான் லுகிச் பேராசிரியரானார். மனித உருவம் வரையும் வகுப்புக்கு.