பயற்றங்கொடிக்கு நட்ட சிவப்புத் தடிகள்

நான் காட்டிக் கொடுத்தவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் உங்கள் காதுக்குள் வந்து குசுகுசுக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்களிடம் இதைவிடக் கேவலமான பட்டம் கிடையாது. போர்க்காலத்தில் இந்த ஒரு சொல்லுக்காகவே ஆட்கள் செத்திருக்கிறார்கள். நான் காட்டிக் கொடுத்தது என் சொந்த அண்ணனை.

இங்கே வெளிநாட்டில், வெரிபீ என்ற ஊரில், மரக்கறி பொதி செய்யும் இடத்தில் எனக்கு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே மர வாங்கில் இருந்துகொண்டு, ஊரில், வன்னியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வீடியோ கோல் எடுப்பேன். அங்கே அப்போது காலை. அன்றைக்கு அண்ணன் நல்ல சந்தோஷத்தில் இருந்தான். ஃபோனைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் அவன் மனைவி, என் மச்சாள், வைத்த பயற்றங்கொடியைக் காட்டினான். கொடி படர்ந்திருந்த தடிகளின் தலையில் சிவப்புப் பெயின்ற் அடித்திருந்தது.

சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். கப்பலேறி இங்கே வருவதற்கு முன்னர், நான் ஊரில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். கவசமும் முகமூடியும் போட்டுக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டுகிற வேலை. அந்தச் சிவப்புத் தடிகளை நாங்கள்தான் நடுவோம். தடிக்கு அந்தப் பக்கம் இன்னும் சோதிக்காத நிலம். சோதித்து முடியும்வரை ஒருவரும் அதை அசைக்கக் கூடாது.

“உந்தத் தடியளை எங்கை எடுத்தனீங்கள், அண்ணை?”

“எங்கடை காணிக் கரையிலைதான். சும்மா நிண்டு உக்குது. நல்ல நேரான தடி.”

“அது ஆக்கள் உள்ளுக்கை போகக்கூடாதெண்டு நட்டதெல்லோ!”

“எத்தினை வருசமா அதுக்கை மாடு மேயுது. ஒரு மாட்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை. நாளைக்குப் பத்தைக் காட்டை எரிச்சுப்போட்டு, மழைக்கு முந்திக் கச்சான் கடலை போடப்போறன். ஏதும் கிடந்தாலும் நெருப்பிலை வெடிச்சிடும்.”

எங்கள் சனத்தின் பெரிய நம்பிக்கை இது. மாடு பார்த்துத் தந்த காணி, நெருப்புச் சுத்தமாக்கிய காணி. மாடு தன் வயிற்றுக்கு மேய்கிறதே தவிர, எங்களுக்காக அளந்து அளந்து கால் வைப்பதில்லை. நெருப்பில் சில வெடிக்கும். சிலவற்றில் மேலே பிளாஸ்டிக் மட்டும் உருகி, உள்ளே வெடிமருந்து அப்படியே கிடக்கும். எரித்த காணிக்குள் மண்வெட்டியோடு இறங்கிய ஒருவரை நாங்கள் தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறோம். மிஞ்சிய காலில் செருப்புக் கழலவேயில்லை.

சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். அழுதும் பார்த்தேன்.

“நீ அங்கை குளிருக்கை இருந்துகொண்டு எனக்குப் படிப்பிக்காதை” என்று ஃபோனை வெட்டிவிட்டான்.

நேரில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வர என்னுடைய தற்காலிக விசா விடாது. ஆகவே பழைய மிதிவெடி வேலையிடத்து மேற்பார்வையாளருக்கு ஃபோன் அடித்தேன். அண்ணனின் பெயர், காணி, தடி, நாளைய நெருப்பு, ஒன்றையும் மறைக்கவில்லை. உள்ளே திரும்பும்போது பிந்திவிட்டது, அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

மறுநாள் காலையில் மிதிவெடிக் குழு பொலிசோடு வந்து இறங்கியபோது, அண்ணன் பத்தைக்கு நெருப்பு வைக்கத் தென்னோலைச் சூளோடு நின்றானாம். ஊர் கூடி நிற்க, கொடியைப் பிரித்து ஒவ்வொரு தடியையும் அவன் கையாலேயே பிடுங்கிக் கொடுக்க வைத்தார்கள். அன்றிலிருந்து தனக்குத் தங்கச்சி இல்லை என்று சொல்லிவிட்டான்.

கதை கடல் தாண்டி வந்தது. இங்கே கிரெய்கிபர்ன் என்ற ஊரில், எங்கள் ஆட்களின் ஒரு பிறந்தநாள் விழா. மச்சாளுக்குச் சொந்தமான ஓர் அங்கிள், கையில் ரோல்ஸ் தட்டோடு, எல்லாருக்கும் கேட்கவே சொன்னார்:

“தமையனைப் பொலிசுக்குக் காட்டிக் குடுத்தவள் இவள்தான்.”

பக்கத்தில் இருந்த பெண்கள் தங்கள் சேலைக் கரையை ஆராயத் தொடங்கினார்கள். நான் தலையைக் குனிவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னாலேயே போட்டு உட்கார்ந்தேன்.

“ஓம் அங்கிள், நான்தான். திருப்பியும் காட்டிக் குடுப்பன். நீங்கள் போய்த் தடி புடுங்கினாலும் விடமாட்டன்.”

“கொஞ்சமும் வெக்கமில்லை.”

“இல்லை” என்றேன். அவர் தட்டிலிருந்தே ஒரு ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன். உறைப்புப் போதவில்லை.

பிறகு குழு அந்தக் காணியைச் சோதித்தது. எத்தனை மிதிவெடி எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், ஒரு காலுக்கு ஒன்றே போதும். காணி கைக்கு வந்ததும் அண்ணன் கச்சான் போட்டான். என்னோடு இன்னும் கதைப்பதில்லை.

போன கிழமை மச்சாள் களவாக ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். காணி நடுவில் அண்ணன் களை பிடுங்குகிறான். “தங்கச்சிக்கு அனுப்பட்டோ?” என்று மச்சாள் கேட்கிறாள். அவன் நிமிர்ந்து கத்துகிறான்:

“அந்தக் காட்டிக் குடுத்தவளுக்கு ஒண்டும் அனுப்பாதை!”

கோபத்தில் காலை ஓங்கி நிலத்தில் உதைக்கிறான், முதலில் வலது காலை, பிறகு இடது காலை. புழுதி கிளம்புகிறது. இடைவேளைகளில் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு காலாலும் உதைக்கட்டும்.