குப்பைக்குப் போகவிருந்த பேட்டரி

வசந்தா டீச்சரின் மின்சாரக் காரை ஹாயிஸ்டில் தூக்கி நிறுத்தியபோது, பெட்டாலிங் ஜெயா பட்டறையில் எனக்கு இரண்டாவது வருடம். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கிள்ளான் பக்கத்தில் நிலக்கரி மின்நிலையத்தில், பாய்லர் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மின்சாரக் கார் கோர்ஸ் படித்து இங்கே சேர்ந்தேன்.

டீச்சர் சுங்கை பூலோவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ரவாங் போகும் வழியில், சாலையில் கிடந்த கான்கிரீட் கட்டி மேல் காரை ஏற்றிவிட்டார். காரின் அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி உள்ளங்கை அளவு நசுங்கியிருந்தது. இப்படி நசுங்கினால் நாங்கள் பெட்டியைத் திறப்பதில்லை. முழு பேட்டரியையும் மாற்றிவிடுவோம்.

"பழசு எங்க போகும் அண்ணே?" என்று கேட்டார்.

"பட்டறைக்குப் பின்னால வைப்போம் டீச்சர்."

"அதுக்கப்புறம்?"

"தெரியல டீச்சர். ஏற்கெனவே மூணு பேட்டரி கிடக்கு. யாரும் வந்து எடுக்கல."

அவர் முகம் வாடிவிட்டது. "புகையே இல்லாத காருன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன்."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "காரு புகை விடாது. ஆனா நீங்க சார்ஜ் பண்ற கரண்ட்ல பாதி கரி எரிச்சு வர்றது. நான்தான் எரிச்சேன். இந்த பேட்டரிய செய்யறதுக்கும் மண்ணத் தோண்டி, உலோகத்த உருக்கி, நிறைய எரிச்சிருப்பாங்க. அதுக்கு ஈடு கட்டணும்னா காரு பல வருஷம் ஓடணும் லா. இது ரெண்டு வருஷம்கூட ஓடல."

"அப்ப நான் ஏமாந்துட்டேனா?"

"இல்ல டீச்சர். நிறைய நாள் ஓடினா பெட்ரோல் காரவிட இதுதான் நல்லது. ஓடணும், அவ்வளவுதான்."

"அப்ப திறந்து பாருங்க அண்ணே. நான் காத்திருக்கேன்."

பாஸ் முரளி சம்மதிக்கவில்லை. "தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது அண்ணே?" என்றார். அவர் பயம் நியாயமானதுதான். எனக்கும் பயம் இருந்தது. கோர்ஸில் மாதிரிப் பெட்டியைத்தான் திறந்திருக்கிறேன். "கட்டடத்துக்கு வெளியே, திறந்த இடத்துல வச்சு செய்யறேன் பாஸ். ஒரு இடத்துல சூடு ஏறினாலும் நிறுத்திடுறேன்" என்றேன். கடைசியில் தலையாட்டினார்.

ரப்பர் கையுறை போட்டு, மெயின் இணைப்பைத் துண்டித்து, பேட்டரியைக் காரிலிருந்து கழற்றி வெளியே கொண்டுபோய், நானும் சக ஊழியர் அஸ்மானும் மூடியைக் கழற்றினோம். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கையுறையோடு துடைக்கவும் முடியவில்லை. உள்ளே அடுக்கியிருந்த செல் தொகுப்புகளை, அதாவது மாட்யூல்களை, ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தோம். பதினாறில் ஒன்று மட்டும்தான் கெட்டிருந்தது. மற்ற பதினைந்தும் புதிது போல இருந்தன.

எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் வந்தது. பின்னால் கிடந்த மூன்றையும் நாங்கள் திறந்தே பார்க்கவில்லையே.

அவற்றில் ஒன்று அதே மாடல். அதிலிருந்து நல்ல மாட்யூல் ஒன்றை எடுத்துப் பொருத்தி, எல்லா மாட்யூல்களின் சார்ஜ் அளவையும் சமன் செய்து, புது அடித்தட்டு போட்டு, தண்ணீர் புகாதபடி சீல் வைத்துச் சோதித்தோம். நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காரை ஹாயிஸ்டிலிருந்து இறக்கினோம்; அதே பேட்டரியில் ஓடியது.

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு, "எங்க பள்ளிக்கூடக் கூரையில சோலார் போட்டிருக்கு. இனிமே பகல்ல அங்கயே சார்ஜ் பண்ணிக்கலாமான்னு ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு" என்றார். இப்போதும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறார்.

மறுவாரம் முரளியே வந்து, "மத்த ரெண்டையும் திறந்துடலாமா அண்ணே?" என்று கேட்டார். ஒன்று முழுக்க வீண். இன்னொன்றில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தது. பட்டறையின் விளக்குகளுக்கு பேக்கப்பாக வைத்தோம். இப்போது எந்த பேட்டரி வந்தாலும் திறந்து பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மின்சாரக் கார் ஷோரூமிலிருந்து சுத்தமாக வருவதில்லை. அதைச் சுத்தமாக்குவது, அதை எத்தனை வருடம் ஓட வைக்கிறோம் என்பதுதான். அந்த வேலை நம் கையில் இருக்கிறது.