அணை நடுவில் நின்ற எஞ்சின்

ஸ்டோரைப் பூட்டிய அன்று எஸ்டேட் துரை சொன்னதை இருளப்பன் அப்படியே நம்பினான். தேயிலை ஃபேக்டரியை ஸ்டோர் என்றே சொல்லிப் பழகிய குடும்பம் அவனுடையது. சிறுவயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த பிறகும் அந்தச் சொல் மாறவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலையில்லாமல் நீலகிரியில் குந்தா பக்கம் ஒவ்வொரு எஸ்டேட்டாகப் படுத்துக்கொண்டிருந்த காலம். மழை ஓய்ந்ததும் திறந்துவிடுவோம், ஃபிட்டர் நீ எங்கும் போய்விடாதே என்றார் துரை. மழை ஓய்ந்து பனியும் கொட்டியது. துரை குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். போகும்போது பங்களாக் கொட்டகையில் கிடந்த பழைய படகு எஞ்சின் ஒன்றை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

வெள்ளைக்காரர்கள் அணையில் மீன் பிடித்த காலத்து எஞ்சின் அது. படகின் பின்பலகையில் மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்ப வேண்டும். பிஸ்டன் துருவேறி இறுகிப்போயிருந்தது. இருளப்பன் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டி இளக்கினான். டேங்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தான். கூடத் துணைக்கு வந்தவன் மனோகரன். ஒரே கப்பலில் வந்து, ஒரே ஸ்டோரில் வேலை பார்த்தவன். பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் எரிந்துபோயிருந்தது; அதற்குப் பதில் வேறொன்றை அவன்தான் எங்கோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்தான்.

இருளப்பனின் மனைவி பாலாமணி கொழுந்துக் கூடையை மூலையில் கவிழ்த்துவிட்டு வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். மகள் சுமலதா பத்தாவது முடித்திருந்தாள். திருப்பூருக்கே கிளம்பலாம் என்று பாலாமணி சொல்லும்போதெல்லாம், எஞ்சின் ஓடட்டும் என்றான் இருளப்பன். அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த காரமடை மயில்சாமி, வலைப் படகை இந்த எஞ்சின் இழுத்தால் அவனையே படகோட்டியாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் பாலாமணி வற்புறுத்தவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தாள், இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டாள். அவள் கேட்கக் கேட்க அவனுக்கு உற்சாகமாக இருந்தது.

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை மாட்டிக் கயிற்றை இழுத்த அன்று, லயத்து வீட்டு வரிசை முழுக்கப் புகை. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் மறுநாளிலிருந்து ஒரு கோளாறு தொடங்கியது. நன்றாகத்தான் கிளம்பும், ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் திணறி நின்றுவிடும். டேங்க் மூடியைக் கழற்றிப் பார்ப்பான், பெட்ரோல் இருக்கும். மறுபடி கயிற்றை இழுத்தால் ஓடும், மறுபடி நிற்கும். பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைப் பிரித்து ஊதினான். சூடேறியதும் நிற்கிறதென்றால் காயில்தான் என்று முடிவுக்கு வந்தான். அந்தக் காயில் மனோகரன் கொண்டுவந்தது.

கெட்டுப்போன காயிலை நல்லது என்று தலையில் கட்டிவிட்டாயா என்று மனோகரனிடம் கேட்டான். பேச்சு தடித்தது. மயில்சாமியிடம் படகோட்டியாக நீயே போய் நிற்கப் பார்க்கிறாய் என்றுகூடச் சொல்லிவிட்டான். மனோகரன் வாசலில் கிடந்த தன் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். பாலாமணி அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

காயிலைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்கிவந்தான் இருளப்பன். மயில்சாமியை ஏற்றிக்கொண்டு அணையில் படகை விட்டான். பாதித் தூரம் எஞ்சின் பாடிக்கொண்டு போனது. தண்ணீர் நடுவில் போய் நின்றது. கிளப்பக் கிளப்ப மறுபடி நின்றது. காற்று படகைச் சுழற்றியது. துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மயில்சாமி கரையில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"உங்க மேல குத்தஞ் சொல்லலீங்க. இத நம்பி நான் வலையப் போட முடியாதுங்க."

அவர் வேறு எஞ்சினுக்கு ஏற்பாடு செய்துகொண்டார். இருளப்பன் தன்னுடையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட முடிவு செய்தான். மிச்சமிருந்த பெட்ரோலை வடிக்க டேங்கை மூடியோடு கவிழ்த்தபோதுதான், மூடியின் ஊசித் துளையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை என்பதைக் கவனித்தான். அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். மூடியைத் திறந்த போதெல்லாம் எஞ்சின் மறுபடி ஓடியது ஏன் என்று அப்போது விளங்கியது. ஊசியால் குத்தினான். அடைப்பு தெரியாதபடி மேலே கறுப்பு மை தடவியிருந்தது. உள்ளேயிருந்து நீலமாக வந்தது. முகர்ந்து பார்த்தான். துணி சோப்பு.

முதல் வாரத்திலேயே அந்தத் துளையை அவன் கையாலேயே சுத்தம் செய்திருந்தான். அதனால்தான் பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அது எதற்கென்று அன்று விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் சொல்லியிருந்தான். மனோகரன்கூட அன்று அங்கே இல்லை.

மூடியை அவள் முன்னால் வைத்தான். பாலாமணி அதைப் பார்த்தாள், மறுக்கவில்லை.

"நான்தான். இது ஓடிட்டா நீங்க இந்தத் தண்ணியோரமே கெடப்பீங்க. ஸ்டோரு தொறக்கும் தொறக்கும்னு இருந்தோம், அப்புறம் எஞ்சின் ஓடும் ஓடும்னு. புள்ளைய நான் கொழுந்துக் கூடை தூக்க விடமாட்டேங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எத்தன வாட்டி சொன்னேன்?"

அவன் மூடியை எடுத்துத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மனோகரன நான் அத்தன பேச்சுப் பேசுனப்ப, நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

பாலாமணி தலையைக் குனிந்துகொண்டாள். துரை செய்தது துரைமார் வழக்கம் என்று அவன் எப்போதோ விழுங்கியிருந்தான். எஞ்சின் போனதுகூடப் போகட்டும். மனோகரனைத் திட்டவிட்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் உள்ளே இறங்கவில்லை. இரவுச் சோற்றைத் தொடாமல் எழுந்து போனான்.

மறுநாள் எஞ்சினைச் சுமந்துகொண்டு மனோகரன் வீட்டுக்குப் போனான். தான் பேசியது தவறு, துளை அடைத்திருந்தது என்று மட்டும் சொன்னான். யார் அடைத்தது என்று சொல்லவில்லை. மனோகரனும் கேட்கவில்லை. எஞ்சினை நீ வைத்துக்கொள் என்றான் இருளப்பன். மனோகரன் வாங்கி வைத்துக்கொண்டான், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவர்கள் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். அங்கே சாயப்பட்டறை ஒன்றில் ஃபிட்டர் வேலை இருப்பதாகப் பாலாமணியின் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் தாயும் மகளும் ஒரு சீட்டில் உட்கார, இருளப்பன் பின்னால் போய் மூட்டைகளோடு உட்கார்ந்துகொண்டான். மலை இறங்கும் வழியில் பர்லியாறில் வண்டி நின்றபோது பாலாமணி இறங்கி ஒரு டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். நீ குடித்தாயா என்று கேட்கவில்லை. காலி கிளாஸை அவள் கையில் கொடுத்துவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.